பில்லோடு வரட்டும் வாட்ச்: இணையத்தில் விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்குவோருக்கு

சம்பா அறுவடை முடிந்து தை பிறந்துவிட்டால் காவிரிப் படுகையில் கல்யாண வேலைகள் சூடுபிடிக்கும். மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், வாட்ச் என்று பட்டியல் போடுவார்கள். மோதிரத்துக்கும் செயினுக்கும் மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ தெரிந்த கடை இருக்கும். வாட்ச் விஷயம் அப்படி இல்லை. ரேடோவோ டிஸ்ஸோவோ லாஞ்சினஸோ வேண்டுமென்றால், பூம்புகாரிலும் திருவெண்காட்டிலும் சீர்காழியிலும் இருப்பவர்கள் முதலில் திறப்பது கைப்பேசியைத்தான். தேடத் தொடங்கிய சில மணி நேரத்தில், 80 சதவீதத் தள்ளுபடியில் ஸ்விஸ் வாட்ச் என்று விளம்பரங்கள் வரிசை கட்டி வந்து நிற்கும்.

முப்பதாயிரம் ரூபாயிலிருந்து சில லட்சம் வரை செலவழித்து, கடைக்குப் போகாமல் வாட்ச் வாங்க நினைப்பவர்களுக்கான அத்தியாயம் இது. அடிப்படை விதி ஒன்றுதான்: யார் யாருக்கு விற்றார்கள் என்பதைத் தாளில் காட்ட முடியாத வாட்சை, அது அசலாகவே இருந்தாலும், வாங்காதீர்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த விதியை நடைமுறைப்படுத்தும் வழிகள்.

1. தேடுவதற்கு முன் மூன்று முடிவுகள்

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பிறகு கைப்பேசியைத் திறங்கள். என்ன வேண்டும் என்று தெரியாமல் தேடுபவருக்குத்தான் எதையாவது தலையில் கட்ட முடியும்.

1. எந்த மாடல்? "ரேடோ வாட்ச்" என்பது போதாது. ஒவ்வொரு மாடலுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறிப்பு எண் உண்டு. அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மாடலைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டயல் நிறம், தேதிக் கட்டம் இருக்கும் இடம், ஸ்ட்ராப்பா செயினா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

2. புதியதா, பழையதா? புதியதென்றால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும். பழையதென்றால் விலை குறையும், சோதனை வேலை கூடும்.

3. இந்திய விலை என்ன? நிறுவனத்தின் தளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட கடையின் தளத்திலோ இந்திய ரூபாயில் உள்ள விலையை எழுதுங்கள். பழைய வாட்சாக இருந்தால், அதே மாடலுக்கு நாலைந்து பேர் என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்த்து அதன் நடுவிலையை எழுதுங்கள்.

குறிப்பு: ரோலெக்ஸ் தன் புதிய வாட்சுகளை இணையத்தில் விற்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கடைக்கு நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். ஆகவே "புத்தம் புதிய ரோலெக்ஸ், ஆன்லைன் ஆஃபர்" என்ற விளம்பரத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் மூடிவிடலாம். கையில் இருப்பது பதினைந்தாயிரம் என்றால் அதற்கு ரோலெக்ஸ் கிடைக்காது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டனின் நல்ல வாட்ச் ஒன்று பில்லோடும் உத்தரவாதத்தோடும் கிடைக்கும்.

2. அடிக்கடி கேட்கும் கதைகள்

மோசடிக்காரர் விற்பது வாட்சை அல்ல, விலை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கான கதையை. இந்தக் கதைகள் பெரும்பாலும் ஆறு வகைக்குள் அடங்கிவிடும்.

"கப்பலில் வந்த சரக்கு, கஸ்டம்ஸ் ஏலத்தில் எடுத்தது." கடலோரத்து ஆட்களிடம் எளிதில் எடுபடும் கதை. சுங்கத்துறை பறிமுதல் பொருட்களை ஏலம் விடுவது உண்மைதான். அதில் எடுத்தவரிடம் ஏல ஆவணம் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வெளியே காட்டக் கூடாது" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

"வெளிநாட்டு நண்பர் அனுப்பிய பரிசுப் பார்சல் டெல்லியில் நிற்கிறது." முகநூலில் பழகியவர் வாட்ச் அனுப்பியிருப்பார். பிறகு சுங்க அதிகாரி என்று ஒருவர் அழைத்து, வரி கட்டினால்தான் பார்சல் வெளியே வரும் என்பார். சுங்கத்துறை தனிநபர் வங்கிக் கணக்கில் வரி வாங்காது. 2019 நவம்பரிலிருந்து அத்துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்க வேண்டும். மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

"ஃபர்ஸ்ட் காப்பி, செவன் ஏ, மாஸ்டர் குவாலிட்டி." இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: போலி. இது ஏமாற்றுகூட இல்லை, அவரே ஒப்புக்கொள்கிறார். ஐயாயிரம் கொடுத்து வாங்கி மாப்பிள்ளைக்கு அசல் என்று கட்டிவிட்டால், சர்வீஸுக்குப் போகும் அன்று மானம் போகும்.

"ஸ்விஸ் வாட்சுக்கு வரியே எடுத்துவிட்டார்கள்." சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஸ்விஸ் வாட்சுகளுக்கான சுங்கவரி அதன்படி சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும். ஒரே நாளில் பாதி விலை ஆகாது.

"இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஐயாயிரம் மட்டும் அட்வான்ஸ் போடுங்கள்." அட்வான்ஸ் போனதும் பேக்கிங் செலவு, இன்சூரன்ஸ், வரி என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். போட்ட பணத்தைக் காப்பாற்றவே மேலும் மேலும் போடத் தோன்றும். முதல் ஐயாயிரத்தோடு நிறுத்திக்கொண்டால் நட்டம் ஐயாயிரம்தான்.

"தாத்தா காலத்து எச்எம்டி, புதுசு மாதிரி இருக்கு." ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்எம்டியின் வாட்ச் நிறுவனத்தை மூடுவதென்று 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதன்பின் பழைய பைலட், ஜனதா வாட்சுகளுக்கு மவுசு கூடியது. பழைய டயலைச் சுரண்டி, பளிச்சென்று புது நிறம் அடித்து விற்பவர்களும் பெருகினார்கள். சேகரிப்பாளர்கள் இதை ரீடயல் என்பார்கள். எச்எம்டி வெளியிடாத நிறத்தில் டயல், கோணலாக அச்சான எழுத்து, அரை நூற்றாண்டுப் பின்மூடிக்கு நேற்று அச்சடித்தது போன்ற முகப்பு ஆகியவை அடையாளங்கள். பழைய செய்கோ 5 வாட்சுகளிலும் இதே வேலை நடக்கிறது.

3. விற்பவரைச் சோதிக்கும் ஏழு படிகள்

வரிசை மாற்றாமல் செய்யுங்கள். தனிநபரிடம் பழைய வாட்ச் வாங்குவோருக்குக் கடை தொடர்பான 1, 3, 4 படிகள் பொருந்தாது. ஒரு படியில் தோற்றாலும் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

1. நிறுவனத்தின் தளத்திலிருந்து கடைக்குப் போங்கள். வாட்ச் நிறுவனத்தின் தளத்தில் கடை தேடும் பகுதி இருக்கும். அதில் சென்னை, கோவை, திருச்சி என்று போட்டுப் பாருங்கள். அங்கே பெயர் உள்ள கடையே அங்கீகரிக்கப்பட்ட கடை. கடை தன்னைத்தானே "அங்கீகரிக்கப்பட்டது" என்று சொல்லிக்கொள்வதற்கு மதிப்பில்லை. ஈத்தோஸ், டைட்டன் குழுமத்தின் ஹீலியோஸ் போன்ற பெரிய கடைகளுக்கு இணைய விற்பனையும் உண்டு. ஆனால் அவற்றின் பெயரில் போலித் தளம் இருக்கலாம் என்பதால் முகவரியை விளம்பரத்திலிருந்து தொடாமல் நீங்களே தட்டுங்கள்.

2. தள முகவரியை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ, நடுவில் ஒரு கோடு நுழைந்தோ இருக்கும். முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னம் இருப்பதை வைத்து நம்பாதீர்கள். நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று சொல்வதில்லை. போலித் தளத்துக்கும் பூட்டுச் சின்னம் கிடைக்கும்.

3. முகவரியும் குறைதீர் அலுவலரின் தொடர்பும் இருக்கின்றனவா? 2020-ன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனம் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் தொடர்பு ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். வாட்ஸாப் எண் மட்டும் இருக்கும் கடை, கடையே அல்ல.

4. ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வணிகரின் பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் இந்த எண்ணைப் போட்டால் பதிவுப் பெயர், ஊர், பதிவு நடப்பில் உள்ளதா என்பது தெரியும். சென்னைக் கடை என்று சொல்லிவிட்டு எண் வேறு மாநிலத்தில் தொடங்கினால் காரணம் கேளுங்கள். வாட்ச் கடை என்று சொல்லிவிட்டுப் பதிவுப் பெயர் ஒரு செருப்பு மொத்த வியாபாரத்துடையதாக இருந்தால் கேட்கவே வேண்டாம், விலகிவிடுங்கள்.

5. படத்தைத் திருப்பித் தேடுங்கள். விற்பவர் அனுப்பிய படத்தை கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே மேசை, அதே கை, அதே கீறலோடு வேறு ஊரில் வேறு பெயரில் அந்தப் படம் கிடைத்தால் வாட்ச் அவரிடம் இல்லை.

6. புதுப் படம் கேளுங்கள். இன்றைய நாளிதழின் முதல் பக்கத்தின் மேல் வாட்சை வைத்து, பக்கத்தில் உங்கள் பெயர் எழுதிய துண்டுத்தாளோடு, முட்களை 4 மணி 37 நிமிடத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கையில் வாட்ச் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. இல்லாதவர் கோபப்படுவார்.

7. வீடியோவில் பேசுங்கள். டயல், பின்மூடி, பக்கவாட்டு எண்கள், செயின் கொக்கி ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். சாவி கொடுக்கும் திருகை இழுத்துத் தேதியை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

குறிப்பு: விலையைப் பற்றி எழுதாமல் "சூப்பர் சார், நேரத்துக்கு வந்தது" என்றே நிறைந்திருக்கும் விமர்சனங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். திருப்பி அனுப்பியவர் எழுதிய விமர்சனம் இருக்கிறதா என்று தேடுங்கள். பணம் திரும்பி வந்ததா என்பதில்தான் கடையின் குணம் தெரியும்.

4. தாள்கள்: வாட்சில் பாதி இதுதான்

கோவலன் புகாரிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோன சிலம்பு அசல். அவனிடம் இல்லாமல் போனது, அது தன் வீட்டுப் பொருள் என்பதற்கான சான்று. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற சோதனை, தண்டனை முடிந்த பிறகு நடந்தது. பொருள் அசலாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இன்றைய சட்டமும் கேட்பது அதைத்தான். 1962-ன் சுங்கச் சட்டத்தில் 123-ஆம் பிரிவு இருக்கிறது. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரிகள் பறிமுதல் செய்தால், அது கடத்தல் பொருள் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை வைத்திருந்தவர் தலையில் விழும். எல்லாப் பொருளுக்கும் இப்படி இல்லை. தங்கத்தோடு சேர்த்துச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடும் பொருள் கைக்கடிகாரம்.

தாள் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. பாரதிய ஜனதா கட்சியின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை அணிந்திருந்த வாட்ச், உலகில் 500 மட்டுமே செய்யப்பட்ட பெல் அண்ட் ராஸ் நிறுவனத்தின் ரஃபேல் வாட்ச். 2022 டிசம்பரில், அதன் பில் எங்கே என்று எதிர்த்தரப்பினர் கேட்டார்கள். 2023 ஏப்ரலில் அவர் ரசீதை வெளியிட்டு, முன்பு அதை வைத்திருந்த ஒருவரிடமிருந்து 3 லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்னார். அந்த அரசியல் நமக்குத் தேவையில்லை. கைமாறிய வாட்சுக்கு இரண்டு தாள் வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கடை முதல் உரிமையாளருக்குக் கொடுத்த பில், அவர் உங்களுக்குக் கொடுத்த ரசீது.

புதிய வாட்சுக்கு வாங்க வேண்டியவை

- ஜிஎஸ்டி பில். அதில் மாடலின் குறிப்பு எண்ணும், உங்கள் வாட்சின் தனி வரிசை எண்ணும் இருக்க வேண்டும்.
- உத்தரவாத அட்டை. கடை முத்திரை, தேதியோடு. சில நிறுவனங்கள் மின்னணு அட்டை தருகின்றன.
- விலை 2 லட்சத்தைத் தாண்டினால் கடைக்காரர் உங்கள் பான் எண்ணைக் கேட்க வேண்டும். 10 லட்சத்தைத் தாண்டினால், 2025 ஏப்ரல் 22 முதல், கடை உங்களிடம் 1 சதவீத வரியைச் சேர்த்து வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இவ்வளவு விலைக்கு விற்பவர் பானே கேட்கவில்லை என்றால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

பழைய வாட்சுக்கு வாங்க வேண்டியவை

- முதல் பில்லின் நகல். பில்லில் உள்ள வரிசை எண்ணும் வாட்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.
- விற்பவர் கையெழுத்திட்ட ரசீது. பெயர், முகவரி, மாடல், வரிசை எண், தொகை, பணம் போன வழி, தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்பதால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்குங்கள்.
- சர்வீஸ் செய்திருந்தால் அதன் பில்.
- திருட்டு வாட்சா என்ற சோதனை. ரிஷ்மோன் குழுமம் 2023-ல் தொடங்கிய என்குவைரஸ் தளத்தில் வரிசை எண்ணைப் போட்டு, திருட்டுப் போனதாக யாராவது பதிந்திருக்கிறார்களா என்று கட்டணமில்லாமல் பார்க்கலாம். அங்கே இல்லையென்றால் திருட்டு அல்ல என்று பொருளில்லை. இருந்தால் வாங்கக் கூடாது என்பது உறுதி.

செய்யக் கூடாதது: பெட்டியும் அட்டையும் இருக்கிறதே என்று பில்லை விட்டுவிடாதீர்கள். காலிப் பெட்டிகளும் வெற்று அட்டைகளும் தனியாக விலைக்குக் கிடைக்கின்றன.

5. பணம் அனுப்பும் முறை

1. முடிந்தவரை கடன் அட்டையில் கட்டுங்கள். பொருள் வரவில்லை, வேறு பொருள் வந்தது என்றால் அட்டை கொடுத்த வங்கியிடம் தகராறு பதிந்து பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. யுபிஐயில் போன பணத்துக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை.

2. கணக்கின் பெயரும் கடையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "அக்கவுண்டன்ட் கணக்குக்குப் போடுங்கள்", "மச்சான் நம்பருக்கு ஜிபே பண்ணுங்கள்" என்றால் நிறுத்துங்கள்.

3. வெளிநாட்டுச் சந்தைத் தளங்களில் வாங்கினால், பணத்தைத் தளமே பிடித்துவைத்து, பொருள் உங்கள் கைக்கு வந்த பிறகு விற்பவருக்குக் கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். குரோனோ24 போன்ற தளங்களில் இது உண்டு. "தளத்துக்கு வெளியே முடித்துக்கொண்டால் விலை குறைப்பேன்" என்பவர் அந்தப் பாதுகாப்பைத்தான் உங்களிடமிருந்து பறிக்கிறார்.

4. பெரும் தொகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட முக்கியம், ரொக்கத்துக்குத் தடயம் கிடையாது.

5. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. "உங்கள் அட்வான்ஸைத் திருப்பி அனுப்புகிறேன், பின் போடுங்கள்" என்றால் அது இரண்டாவது கொள்ளை.

6. திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னாலோ, வாட்ஸாப்பில் ஒரு கோப்பை அனுப்பி நிறுவச் சொன்னாலோ செய்யாதீர்கள்.

6. பார்சல் வந்ததும்

திறந்து பார்த்து வாங்கும் வசதியைத் தளம் தந்தால் தவறாமல் அதைத் தேர்ந்தெடுங்கள். டெலிவரி செய்பவர் முன்னால் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு ஓடிபி சொல்லலாம். அந்த வசதி இல்லையென்றால் கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள்.

1. வீடியோவை ஓடவிடுங்கள். கைப்பேசியை இன்னொருவரிடம் கொடுத்து, பார்சலின் ஆறு பக்கமும், ஒட்டியிருக்கும் சீட்டும், அதில் அச்சான எடையும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். வெட்டுவது முதல் வாட்சை வெளியே எடுப்பது வரை இடையில் நிறுத்தக் கூடாது.

2. எண்களை ஒப்பிடுங்கள். பில், அட்டை, வாட்ச் மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். வாட்சில் எண் பின்மூடியிலோ, பக்கத்திலோ, செயின் சேரும் காதிலோ இருக்கும். சில ரோலெக்ஸ்களில் கண்ணாடிக்கு உள்ளே, டயலைச் சுற்றிய வளையத்தில் இருக்கும்.

3. பூதக் கண்ணாடியில் டயலைப் பாருங்கள். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகும் கண்ணாடி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அசலில் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். போலியில் மை கசிந்திருக்கும், மணிக் குறிகள் இம்மி விலகியிருக்கும், முள்ளின் ஓரத்தில் பிசிறு தெரியும். ஆறு மணிக்குக் கீழே ஸ்விஸ் மேட் என்ற பொடி எழுத்தையும் பாருங்கள். 2017 முதல், தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருந்தால்தான் அந்தச் சொல்லைப் போட முடியும். போலிகள் எதையும் போட்டுக்கொள்வார்கள் என்பதால் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது, அச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

4. நொடிமுள்ளைக் கவனியுங்கள். பேட்டரி வாட்சின் முள் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறை துள்ளும். இன்றைய ரோலெக்ஸ் போன்ற தானியங்கி வாட்சின் முள் நொடிக்கு எட்டு சிறு அடி வைத்து வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். கைப்பேசியில் மெதுவோட்ட வீடியோ எடுத்தால் எண்ணிவிடலாம். தானியங்கி என்று விற்ற வாட்ச் நொடிக்கு ஒருமுறை துள்ளினால் திருப்பி அனுப்புங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். இப்போதைய போலிகளும் வழுக்கும்.

5. அந்தந்த நிறுவனத்தின் தனி அடையாளத்தைப் பாருங்கள். ரேடோவின் தானியங்கி வாட்சுகளில் டயலில் ஒரு சின்ன நங்கூரம் இருக்கும். கையை மெல்லச் சாய்த்தால் அதுவும் ஊசலாடும். போலிகள் பலவற்றில் அது ஒட்டிவைத்த பொம்மை. பழைய அசலில் எண்ணெய் காய்ந்தும் அது நின்றுபோகலாம், அப்படியானால் சர்வீஸ் செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ரோலெக்ஸ் சப்மரினரின் பின்மூடி உலோகம். உள்ளே சக்கரம் சுழல்வது தெரியும் கண்ணாடி மூடி போட்ட சப்மரினர் அசல் அல்ல.

6. கடைசிச் சொல் வல்லுநருடையது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் திறந்து காட்டுங்கள். பூம்புகாரிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ ஒரு நாள் பயணம் ஆகும். விலை லட்சத்தைத் தொட்டால் அந்தப் பயணச் செலவையும் வாட்ச் விலையில் முன்பே சேர்த்துவிடுங்கள்.

பொதுவான தவறுகள்

- பிளேடால் கண்ணாடியைக் கீறிப் பார்ப்பது. அசலோ போலியோ, கீறிய வாட்சை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.
- தண்ணீரில் முக்கிப் பார்ப்பது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்த பழைய அசல் வாட்சும் இதில் கெட்டுப்போகும்.
- பின்மூடியைத் தானே திறப்பது. உத்தரவாதம் போய்விடும், பல நேரம் வாட்சும் போய்விடும்.
- கல்யாணத்துக்கு எடுத்துவைத்து ஒரு மாதம் கழித்துப் பிரிப்பது. திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்திருக்கும். வந்த அன்றே பிரியுங்கள்.

7. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வாங்கிவரச் சொன்னால்

நம் பகுதியில் பாதி வீட்டுக்கு வெளிநாட்டில் ஒரு மாமாவோ மருமகனோ உண்டு. இணையத்தில் அங்கே ஆர்டர் போட்டு, அவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்வது வழக்கம். நல்ல வழிதான். சுங்கத்தை மறந்துவிடக் கூடாது.

1. பயணத்துக்கு முன் சுங்கத்துறையின் தளத்தில் நடப்பு இலவச வரம்பைப் பாருங்கள். அது அவ்வப்போது மாறும்.
2. வரம்பைத் தாண்டினால் வருகையின்போது அறிவித்துச் சிவப்பு வழியில் போய் வரி கட்டுங்கள். "கையில் கட்டிக்கொண்டு வந்துவிடு, கேட்கமாட்டார்கள்" என்று யோசனை சொல்பவர் அபராதம் கட்ட வரமாட்டார்.
3. வரி ரசீதை வெளிநாட்டுக் கடை பில்லோடு சேர்த்து வையுங்கள். அந்தக் காலத்துப் புகார்த் துறையில் சரக்கு மூட்டைகளுக்குச் சோழரின் புலி முத்திரை வைத்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. நம் வாட்சுக்கு அந்த முத்திரை இந்த ரசீதுதான்.
4. உங்களிடம் ஏற்கெனவே உள்ள விலையுயர்ந்த வாட்சோடு வெளிநாடு போகிறீர்களா? புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது, இங்கேயிருந்து கொண்டுபோனதுதான் என்று காட்ட அது உதவும்.

8. ஏமாந்துவிட்டால்: நேர வரிசை

வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருப்பதுதான் மோசடிக்காரருக்கு நீங்கள் தரும் பெரிய உதவி. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் செயல்பட வேண்டும்.

1. முதல் ஒரு மணி நேரம்: 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் போன கணக்கு, பரிமாற்ற எண், நேரம் மூன்றையும் தயாராக வைத்திருங்கள். கூடவே உங்கள் வங்கியிலும் சொல்லி அட்டையை முடக்குங்கள்.

2. அதே நாள்: தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் பதியுங்கள். உரையாடல், விளம்பரம், தள முகவரி, பணம் போன ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எதிராளியை உடனே பிளாக் செய்யாதீர்கள், சான்றுகளை எடுத்த பிறகு செய்யலாம்.

3. மூன்று வேலை நாட்களுக்குள்: உங்களுக்குத் தெரியாமலே கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் இந்தக் கெடு முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவுப்படி, வெளியாள் செய்த இத்தகைய மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், உங்கள் கவனக்குறைவு இல்லாதபட்சத்தில், நட்டம் உங்களுடையதல்ல. நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் இதில் அடங்காது.

4. காவல் நிலையத்தில்: மாவட்ட சைபர் கிரைம் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். வங்கியும் தளமும் பின்னால் கேட்பது அந்த ரசீதைத்தான்.

5. விற்றது பதிவுள்ள கடை என்றால்: முதலில் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாக ஒப்புதலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்பது விதி. அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ன் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை மும்பையில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

எச்சரிக்கை: "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது தானாக அழைத்தால் அதுவும் அதே கும்பலின் வேலையாக இருக்கலாம். 1930-ல் புகார் செய்ய ஒரு பைசா கட்டணம் கிடையாது.

பணம் அனுப்பும் முன் ஒரு நிமிடம்

கீழே உள்ள ஆறு கேள்விகளை வீட்டில் இன்னொருவர் உரக்கப் படிக்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள்.

- இந்த மாடலின் குறிப்பு எண்ணும் இந்திய விலையும் எனக்குத் தெரியுமா?
- கடையின் பெயரை வாட்ச் நிறுவனத்தின் தளத்தில் பார்த்தேனா? பழைய வாட்ச் என்றால், விற்பவரின் முகத்தையும் முகவரியையும் பார்த்தேனா?
- கடை என்றால், ஜிஎஸ்டி எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா?
- நான் கேட்ட நேரத்தில் முள்ளை நிறுத்திப் படம் அனுப்பினாரா?
- வரிசை எண் போட்ட பில் கிடைக்குமா?
- பணம் போகும் கணக்கு விற்பவரின் பெயரில்தான் இருக்கிறதா?

ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் இன்றைக்குப் பணம் அனுப்பாதீர்கள். நல்ல கடைக்காரர் நாளைக்கும் அதே விலைக்குத் தருவார்.